பார்த்துக்கொண்டிருப்பதற்குச் சம்பளம்

ஒட்டுசுட்டான் நெல் களஞ்சியத்தில்
இரவு ஏழிலிருந்து காலை ஆறு வரை
பார்த்துக்கொண்டிருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.
நாலாயிரம் மூடை. ஒரு டோர்ச். மூன்று யானைவெடி.
கதிரையின் ஒரு கால் குட்டை,
அதற்குக் கீழே மடித்த சிமெந்துப் பை.

பத்து மணிக்குப் பிறகு டேட்டா மலிவு.
போனைத் திறந்தால்
எங்கோ குளிர்நாட்டில் கோட்டுப் போட்ட இருவர்
தண்ணீர்ப் போத்தல்களுக்கு நடுவே குனிந்திருப்பார்கள்.
சத்தத்தை நிறுத்திவிடுவேன்.
விளக்கம் சொல்பவர் பேசும் மொழி எனக்கு ஓடாது,
காது வேறு வேலிப்பக்கம் வேண்டும்.

மூன்று வருடம் இப்படி.
குதிரை எந்தக் கட்டத்தில் போய் நிற்க ஆசைப்படும்,
ராஜா எப்போது கோட்டைக்குப் பின்னால் ஒதுங்கும்,
சும்மா விட்டுக்கொடுத்த ஒரு சிப்பாய்
பன்னிரண்டு நகர்வு கழித்து
எப்படி வட்டியோடு திரும்பி வரும்,
எல்லாம் சந்தையில் காண்கிற முகங்கள்போலப் பழகிவிட்டன.
விடிய வாய்க்காலில் பல் விளக்கும்போது நினைத்துக்கொள்வேன்:
நானும் கெட்டிக்காரன்தான்.

மாசியில் நெளுக்குளத்திலிருந்து நெல் ஏற்ற வந்த லொறி
அச்சு முறிந்து இரவு இங்கேயே நின்றது.
சாரதி மரியசீலன் சீற்றுக்கு அடியிலிருந்து
ஒரு பிளாஸ்ரிக் பலகையை எடுத்தார்.
மந்திரி ஒன்று துலைந்து
அதன் இடத்தில் இருமல் மருந்துப் போத்தலின் மூடி.
"விளையாடுவியளோ அண்ணை?"
"எப்பன் பாத்திருக்கிறன்" என்றேன்,
அடக்கமாகச் சொல்வதாக எண்ணிக்கொண்டு.

முதல் ஆறு நகர்வும் என் கை தானாகப் போனது.
அவர் புருவத்தைத் தூக்கினார்.
எனக்குள் ஒரு சின்னக் கோயில்மணி.
ஏழாவதில் அவர்
ஒருவரும் வைக்காத இடத்தில் ராணியை வைத்தார்.
கோட்டுப் போட்டவர்கள் ஒருநாளும் அங்கே வைத்ததில்லை.
அது பிழை என்று எனக்குத் தெரியும்.
ஏன் பிழை என்று தெரியாது.
கடன் கேட்க வந்தவன் படலையில் நிற்பதுபோல
கை அந்தரத்தில் நின்றது.
பதினெட்டாவதில் அந்த மருந்துமூடி
பலகைக்குக் குறுக்கே ஓடிவந்து என்னை முடித்தது.
முழு நேரமும் அது அங்கேதான் இருந்தது.
நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

மூன்று ஆட்டம். மூன்றும் போச்சு.
அவர் லொறிக்கு அடியில் பாயை விரித்துக் குறட்டை விட்டார்.
நான் கதிரையில் இருந்து கணக்குப் பார்த்தேன்:
ஒரு நகர்வுக்கு அவர்கள் நாற்பது நிமிடம் யோசித்தபோது
நான் தேத்தண்ணி ஊற்றினேன்.
காய் போய் நின்ற பிறகுதான்
"ஓம், அதுதானே" என்று தலையாட்டினேன்.
மூன்று வருடத்தில் ஒரு தரமாவது
நான் பிழை விட்டிருக்கிறேனா?
பிழை விட எனக்கு ஒரு முறைகூட வரவில்லை.

இப்போது திரையை உள்ளங்கையால் மூடிக்கொள்கிறேன்.
இந்தக் காய், இந்தக் கட்டம் என்று
வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.
சொன்ன பிறகுதான் கையை எடுக்கலாம்.
லொறி இலக்கம் பதிகிற புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில்
பிழைக்கு ஒரு கோடு, சரிக்கு ஒரு புள்ளி.
பக்கம் முழுக்கக் கோடு.
ஒரு மந்திரியை நான் சொன்ன இடத்திலேயே அவர் வைத்த இரவு
எழும்பிக் குதித்ததில் கதிரை விழுந்தது.
அந்தப் புள்ளியை மட்டும் கொஞ்சம் பெரிதாக வைத்தேன்.

நேற்று இரண்டரை மணிக்கு
வேலிக்கு அப்பால் அது வந்து நின்றது.
வழக்கமாக உடனே வெடியைக் கொளுத்திவிடுவேன்.
நேற்று டோர்ச்சை அணைத்தேன்.
இருட்டுக்குள் மூச்சு மட்டும், தவிட்டை மணந்தபடி.
இடப்பக்கம், கம்பி தொய்ந்த மூன்றாவது தூண்,
அதற்குத்தான் வரும் என்று மெதுவாகச் சொன்னேன்.
நெருப்புப்பெட்டி கையில் நனைந்தது.

அது வலப்பக்கம் திரும்பி
பாலைமரத்தில் முதுகைத் தேய்த்துவிட்டுக்
காட்டுக்குள் போனது.

உள்ளே வந்து
புத்தகத்தைத் திறந்து
ஒரு கோடு போட்டேன்.